ஒன்றரை: ஓர் ஆட்டத்துக்குப் பெயர் வைத்த கதை

'முறை' என்னும் சொல் தமிழில் சுமக்கும் பொருள்கள் பல. நெறி, நீதி, உறவு, தடவை, வரிசை என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகும். அரசன் முறை செய்கிறான். அத்தை மகன் முறைப்பையன் ஆகிறான். இரண்டு முறை அழைத்தும் ஒருவர் திரும்பிப் பார்ப்பதில்லை. சதுரங்கப் பலகையின் எதிர்ப்புறம் அமர்ந்தவர் காயை வைத்துவிட்டு, "உங்க முறைங்க" என்கிறார். கடைசியில் சொன்ன பொருளுக்கும் முதலில் சொன்ன பொருளுக்கும் உள்ள நெருக்கம், ஒரு முறைக்கு இரண்டு நகர்வு கொண்ட சதுரங்கம் ஒன்றை உருவாக்கப் புகுந்தபோது எங்களுக்குத் துலக்கமாயிற்று. அதன் விதிகளைப் பற்றியும், விதிகளைவிட அதிக நாள் எடுத்துக்கொண்ட அதன் பெயரைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் என்பது ஐந்து பேர். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். ஒருவர் நிட்டிங் ஆலையில் மேற்பார்வையாளர். மற்றொருவர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் சம்பளத்துக்குப் பிளாட்லாக் தைக்கிறவர். திருப்பூரில் வாரம் என்பது சனிக்கிழமை இரவுச் சம்பளத்தோடு முடிகிறது. ஞாயிறு காலை கடைவீதிக்குப் போய்விடும். எஞ்சுவது ஞாயிறு பிற்பகல். அந்தப் பிற்பகல்களில் படித்த புத்தகங்களைப் பேசுவதற்காகக் கூடத் தொடங்கினோம். பேச்சு ஓய்ந்தபின் பலகை விரியும். எங்களுள் நன்றாக ஆடுகிறவர் பிளாட்லாக் நண்பர்தான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் கைபேசியில் தொடக்க நகர்வுகளைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்யும் வழக்கம் எங்களிடையேயும் புகுந்தது. முதல் பத்து நகர்வுகள் ஒப்பிப்பதுபோல் ஓடின. மனப்பாடத்தை முறிக்கவே பாபி ஃபிஷர் 1996இல் பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்கும் ஆட்டத்தை அறிவித்தார்; அதில் 960 தொடக்க நிலைகள். எங்களுக்கோ காய்களின் இருப்பிடத்தைத் தொடாமல் வேறெதையாவது மாற்றிப் பார்க்க ஆசை. கணித ஆசிரியர்தான், "ஒருவருக்கு இரண்டு நகர்வு கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

கேள்வி புதிதன்று. தாயம் ஆடி வளர்ந்த எவருக்கும் 'மறு ஆட்டம்' என்பது தெரியும். தாயம் விழுந்தால் மறுபடி உருட்டலாம்; எதிரியின் காயை வெட்டினாலும் மறுபடி உருட்டலாம். சதுரங்கத்திலேயே இதற்கு ஆயிரம் ஆண்டுப் பழமை உண்டு. 1030ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நால்வர் ஆடும் சதுரங்கம் ஒன்றை விவரிக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஓர் அரசன், ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு தேர், நான்கு காலாட்கள். ஆட்டம் இரண்டு பகடைகளால் நடக்கிறது. விழுகிற எண்ணே எந்தக் காய் நகர வேண்டும் என்பதைச் சொல்லும். பகடை இரண்டு ஆகையால் நகர்வும் இரண்டு. வங்காளத்தில் இவ்வாட்டம் நெடுங்காலம் வழங்கியது; அங்கே தேருக்குப் பதில் படகு. இதன் கலைச்சொற்கள் அழகானவை. பிறர் அரசன் இருந்த கட்டத்தில் தன் அரசனை ஏற்றினால் அது 'சிம்மாசனம்'. மற்ற அரசர் அனைவரையும் பிடித்துவிட்டால் 'சதுராஜி'. ஆட்டத்துக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. இரட்டை நகர்வு அங்கே பகடையின் கொடை. ஆடுபவனின் திட்டத்தில் பாதியைத் தற்செயல் தின்றுவிடுவதால், இரண்டு நகர்வின் முழு வலிமை ஒருவன் கைக்கு வருவதில்லை.

பகடை இல்லாத இரட்டை நகர்வைத் தேடினால் பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்க்குப் போக வேண்டும். ஆல்பெர் ஃபோர்தி என்பவர் வகுத்த விதிகள் அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்றில் 1925இல் வெளிவந்தன. ஊரின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. அதே 1925இல்தான் திருப்பூரில் குலாம் காதர் முதல் பனியன் ஆலையைத் தொடங்கினார் என்பது இந்த ஊர் வரலாற்றின் பாலபாடம். இரண்டு நிகழ்ச்சிக்கும் தொடர்பில்லை. ஆண்டு ஒத்துப்போனதில் எங்கள் மேற்பார்வையாளர் நண்பருக்கு மட்டும் அளவில்லாத மகிழ்ச்சி. மார்செய் விதி எளியது. ஒவ்வொருவரும் தம் முறையில் இரண்டு நகர்வு செய்யலாம், ஒரே காயாலும் இரு காய்களாலும். முதல் நகர்வில் செக் வைத்தால் இரண்டாம் நகர்வு போய்விடும். செக்கில் இருப்பவர் தம் முதல் நகர்விலேயே அதிலிருந்து விடுபட வேண்டும். வெள்ளை முதலிலேயே இரண்டு நகர்வு பெறுவது அநியாயம் என்று கண்டு, வெள்ளையின் முதல் முறைக்கு மட்டும் ஒரே நகர்வு என்ற திருத்தம் 1963இல் வந்தது.

இதன் உறவினர்களும் பலர் உண்டு. ஓர் ஆட்டத்தில் வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டுமே. ஆனால் முறைக்கு இரண்டு நகர்வு. எதிரே முழுப்படை நின்றும் திணறுகிறது. இன்னொன்றில் முதலில் ஒன்று, பிறகு எதிராளிக்கு இரண்டு, பிறகு மூன்று என நகர்வுகள் ஏறிக்கொண்டே போகும். இந்திய வம்சாவளியினரான ஒமர் சயித் அமெரிக்காவில் உருவாக்கிய 'அரிமா' சதுரங்கக் காய்களைக் கொண்டே ஆடத்தக்கது. முறைக்கு நான்கு அடிகள் வரை வைக்கலாம். 1997இல் டீப் புளூ கணினியிடம் காஸ்பரோவ் தோற்றதே, கணினிக்குக் கடினமான ஓர் ஆட்டத்தைத் தேட அவரைத் தூண்டியது. 2015இல் அதிலும் கணினி வென்றுவிட்டது.

மார்செய் விதியை நாங்கள் ஆடிப் பார்த்தோம். சில ஞாயிறுகள் கழிந்ததும் ஒன்று புலப்பட்டது. வழக்கமான சதுரங்கத்தில் ஒரு சிப்பாய் நிற்கும் கட்டத்துக்கு ஒரு குதிரை பாய முடிந்தால், அந்தச் சிப்பாய்க்குக் காவல் இருக்கிறது என்கிறோம். காவல் என்பதன் பொருள் என்ன? "நீ இதை வெட்டினால் நான் உன்னை வெட்டுவேன்" என்பதுதான். குதிரை சிப்பாயைச் சுவர்போல் மறைத்துக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த முறை தனக்கு வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இரண்டு நகர்வு கிடைத்த ராணி சிப்பாயை வெட்டிவிட்டு அதே மூச்சில் தன் கட்டத்துக்குத் திரும்பிவிடுகிறாள். குதிரை பார்த்துக்கொண்டு நிற்கிறது. காய்கள் அவைதாம், கட்டங்கள் அவைதாம். காவல் மட்டும் மறைந்துவிட்டது. ஏனெனில் காவல் காயில் இல்லை, முறையில் இருந்தது. வலுத்தவன் செய்ததற்கு இளைத்தவன் உடனே பதில் சொல்ல முடியும் என்ற உறுதியே பலகையில் நீதியாக இருந்திருக்கிறது. அரசன் 'முறை செய்தான்' என்று நம் நூல்கள் சொல்லும்போது, முறையிட வந்தவனின் குரலுக்கு அங்கே இடம் இருந்தது என்பதும் அதில் அடங்கும்.

கணித ஆசிரியர் இதையே எண்ணால் சொன்னார். சதுரங்கத்தின் தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் சாத்தியம். இரண்டாக அடுக்கினால் வழிகள் நானூறைத் தாண்டிவிடும். அத்தனை வழிகளையும் எதிராளி மூச்சுவிடும் முன் ஒருவரே எண்ணிப் பார்த்து முடித்துவிடலாம். மார்செய் ஆட்டத்துக்கென்று ஓர் அழகு இருப்பதை மறுக்கவில்லை. மின்னல் போன்ற தாக்குதலை விரும்புகிறவர்களுக்கு அது விருந்து. நாங்கள் விரும்பியது வேறு. இரண்டாம் நகர்வு வேண்டும், காவலும் பிழைக்க வேண்டும்.

பல மாற்றங்களுக்குப் பின் நிலைத்த விதிகள் இவை. ஒவ்வொரு முறையிலும் முதலில் ஒரு முழு நகர்வு; அது வழக்கமான சதுரங்க நகர்வேதான். அதன்பின் ஒரு குறை நகர்வு. அதற்கு நான்கு கட்டுப்பாடுகள். முதலில் நகர்ந்த காய் மீண்டும் நகரக் கூடாது. குறை நகர்வால் எதையும் வெட்டக் கூடாது. அதனால் செக் விழவும் கூடாது. அது தன் பக்கத்து நான்கு வரிசைகளுக்குள் தொடங்கி அவற்றுக்குள்ளேயே முடிய வேண்டும். முழு நகர்வு செக் வைத்தால், குறை நகர்வு கிடையாது. வெள்ளையின் முதல் முறையில் முழு நகர்வு மட்டும்.

விளைவு எங்களுக்கே வியப்பளித்தது. வெட்டிய காய் வெட்டிய இடத்திலேயே நின்றாக வேண்டும். ஆகவே காவல் உயிர்பெற்றது. ஒரு கை போர்க்களத்தில் இருக்க, மறு கை வீட்டைச் சீர்படுத்துகிறது. எதிரியின் எல்லையில் மந்திரி ஒரு காயை வெட்டும் அதே முறையில், இங்கே ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்து யானைக்கு வழி விடுகிறது. ஆட்டத்தின் நடுப்பகுதி விரைவில் வந்துவிடுகிறது. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. இறுதிக் கட்டத்தில் காய்கள் எல்லை கடந்துவிடுவதால் குறை நகர்வுக்கு வாய்ப்பு அருகி, ஆட்டம் மெல்ல மெல்லப் பழைய சதுரங்கமாகவே மாறிவிடுகிறது.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியது. குறை நகர்வு கட்டாயமா, விருப்பமா? தமிழ் படித்த நாங்கள் இருவரும் கட்டாயம் என்றோம். விதி என்றால் விதி. ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில் இருப்பதே செம்மை என்பது எங்கள் வாதம். கணித ஆசிரியரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். பிளாட்லாக் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கம்பெனில எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்டுங்க. மேல நாலு மணி நேரம் பார்த்தா ஒண்ணரை. ஷிப்மெண்ட் வந்துட்டா அந்த அரையை வேண்டாம்னு நாம சொல்ல முடியாதுங்க. இங்கயாச்சும் வேணும்னா ஆடறது, வேண்டாம்னா உடறதுன்னு இருக்கட்டுங்க சார்."

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். இங்கே ஷிப்ட் என்பது நேரத்தின் அளவு மட்டுமன்று. கூலியின் அளவும் அதுவே. "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?" என்று கேட்டால் எவ்வளவு சம்பாதித்தாய் என்று பொருள். ஒன்றரை ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, சீட்டுப் பணம் என எல்லாக் கணக்கும் அந்த அரையை நம்பியே போடப்படுவதால், அது கிடைக்காத வாரங்களும் துயரம், தவிர்க்க முடியாத வாரங்களும் துயரம். ஞாயிறு பிற்பகலில் மட்டுமே எங்களால் கூட முடிந்ததற்கும் அந்த அரைதான் காரணம். அவர் சொன்னபின் நாங்கள் வாதத்தைத் தொடரவில்லை. குறை நகர்வு ஆடுபவரின் விருப்பம் என்று எழுதிக்கொண்டோம். மேற்பார்வையாளர் நண்பர் மட்டும் சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களை அரைக்கு நிறுத்திவைக்கும் பொறுப்பு அவர் வேலையிலும் உண்டு.

இனிப் பெயர். விதிகள் இரண்டு மாதத்தில் முடிந்தன. பெயருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. உலகில் இத்தகைய ஆட்டங்களுக்குப் பெயர் வரும் வழிகளை முதலில் ஆராய்ந்தோம். சில பிறந்த ஊரின் பெயரைக் கொள்கின்றன, மார்செய் போல. சில ஆக்கியவரின் பெயரை. ஒமர் சயித் தம் மகன் ஆமிரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தலைகீழாக்கி, முன்னால் ஓர் அகரம் சேர்த்து 'அரிமா' என்றார். தமிழில் அரிமா சிங்கம் என்பது தற்செயல். ஆனால் இனிய தற்செயல். நம் நாட்டிலும் சதுரங்கம் பெயர்களில் குடிகொண்டிருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம் அருகே திருப்பூவனூரில் உறையும் இறைவன் சதுரங்க வல்லபநாதர். அரசிளங்குமரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, அதன் சின்னமான வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயரிட்டார்கள். கலைச்சொல் ஆக்குவோர் எவரும் எட்ட முடியாத எளிமை அது.

எங்கள் பட்டியலில் முதலில் ஏறியது 'இருநகர்வுச் சதுரங்கம்'. பிழையற்ற பெயர், ஆயினும் அரசாணைபோல் ஒலித்தது. அடுத்து 'வல்'. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் சூதாட்டக் கருவியைக் குறிக்கும் 'வல்' என்னும் சொல், நாய், பலகை ஆகிய சொற்களோடு புணரும் விதம் பேசப்படுகிறது. அங்கே நாய் என்பது ஆட்டக் காய். பழமைக்குப் பழமை, சுருக்கத்துக்குச் சுருக்கம். ஆனால் அது ஏற்கெனவே வேறோர் ஆட்டத்தின் உடைமை. ஆடிய விதம் மறந்துபோன ஓர் ஆட்டத்தின் பெயரை எடுத்து நம் பலகையில் ஒட்டுவது, ஆளில்லாத வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றி வருவதுபோல் பட்டது.

பிறகு 'இரட்டைக்கிளவி'. வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம்: பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி, சலசல என்பதுபோல, பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர், பாம்பு பாம்பு என்பதுபோல. இந்த இலக்கணத்தை ஆட்டத்தோடு வைத்துப் பார்த்தபோது ஆட்டமே தெளிவடைந்தது. எங்கள் முழு நகர்வு தனியாக நின்று பொருள் தரும். குறை நகர்வு தனியாக வராது. முழு நகர்வைச் சார்ந்தே வரும். ஆகவே இது இரட்டைக்கிளவியும் அன்று, அடுக்குத்தொடரும் அன்று. பெயரையோ வினையையோ சார்ந்து வந்து அதன் பொருளைச் சற்றே திருப்பிவிடும் இடைச்சொல் போன்றது. 'அவனே', 'அவனும்', 'அவனோ' என்பவற்றில் அந்த இடைச்சொல் என்ன செய்கிறதோ, அதைத்தான் குறை நகர்வு பலகையில் செய்கிறது. பெயர் அமையவில்லை, விளக்கம் அமைந்தது.

மேற்பார்வையாளர் நண்பர் தம் பங்குக்கு 'இண்டர்லாக்' என்றார். இண்டர்லாக் எந்திரத்தில் டயலிலும் சிலிண்டரிலுமாக இரண்டு தொகுதி ஊசிகள். இரண்டு ஃபீடர்கள் சேர்ந்து பின்னினால்தான் துணியில் ஒரு வரிசை முழுமையாகும். இரண்டு நகர்வால் ஒரு முறை முழுமையாவது போலவே. நல்ல உவமை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஆனால் இண்டர்லாக் துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். எங்கள் ஆட்டத்தில் இரண்டு நகர்வும் ஒன்றல்ல. பெயரைக் கேட்டவர் இரண்டும் சமம் என்று எண்ணிவிடுவார். அதுவும் நின்றது.

இதற்கிடையில் எங்களை அறியாமலே ஒரு பெயர் புழங்கத் தொடங்கியிருந்தது. "இன்னிக்குச் சாதா ஆட்டமா, ஒண்ணரையா?" என்று ஒருவர் கேட்பார். "ஒண்ணரையே வைங்க" என்று பதில் வரும். குறை நகர்வை 'அரை' என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டியல் ஏட்டில் இருந்தது. பெயர் நாவில் இருந்தது. 'ஒன்றரை' என்று எழுதிப் பார்த்தபோது தமிழாசிரியர்களாகிய எங்களிடம் இரண்டு தடை எழுந்தன. ஒன்று, மாறுகண் உள்ளவரைக் கேலி செய்ய 'ஒண்ணரைக் கண்' என்னும் கொச்சை வழக்கு உண்டு, மாணவர்கள் சிரிப்பார்கள். மற்றொன்று, களைப்பின் சொல்லை விளையாட்டுக்கு வைக்கலாமா என்பது. பன்னிரண்டு மணி நேர வேலையின் பெயரை ஞாயிற்றுக்கிழமைக்கும் இழுத்து வர வேண்டுமா?

இரண்டாம் தடைக்குப் பிளாட்லாக் நண்பரின் முகத்தைத்தான் பார்த்தோம். அவருக்கு அது தடையாகவே தோன்றவில்லை. "அந்தப் பேரு எங்களுக்குத் தெரியுங்க. கம்பெனில யாருக்கும் சொல்லித் தரவே வேண்டாம். ஒண்ணு முழுசு, இன்னொண்ணு அரைன்னு பேரக் கேட்டதுமே புரிஞ்சுக்குவாங்க" என்றார். நல்ல பெயர் என்பது பாதி விதி என்பதை அவர் எங்களுக்கு உணர்த்தினார். 'இருநகர்வு' என்ற பெயர் சொல்ல முடியாததை 'ஒன்றரை' சொல்லிவிடுகிறது: இரண்டாவது குறைவானது, முதலாவதைத் தொடர்ந்து வருவது, பாதிப் பலகைக்குள் அடங்குவது. முதல் தடையைப் பற்றி, சிரிப்பவர்கள் ஆடிப் பார்த்தால் நிறுத்திக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

புணர்ச்சி இலக்கணமும் எங்கள் பக்கம் வந்து நின்றது. 'ஒன்று' என்பதன் முன் 'அரை' வரும்போது, ஒன்றின் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட, எஞ்சிய மெய்யின்மேல் அரையின் அகரம் ஏறிக்கொள்கிறது. ஒன்று தன்னில் சிறிது இழந்துதான் அரையைப் பெறுகிறது. ஆட்டத்திலும் அப்படியே. வெறும் ஆசைக்காகக் குறை நகர்வை எடுப்பவர் தம் சிப்பாய் வரிசையைக் குலைத்துக்கொள்கிறார். சிப்பாய் பின்வாங்காத காய் என்பதால் அந்தக் குலைவு திரும்பச் சீராவதில்லை. தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் கிடைத்த ஒவ்வோர் அரையையும் விடாமல் எடுத்தோம். பழகப் பழக, எந்த முறையில் அதை விடுவது என்பதே ஆட்டத்தின் நுட்பமாக மாறியது. கட்டாயம் என்று விதித்திருந்தால் இந்த நுட்பம் பிறந்தே இருக்காது.

இப்போது எங்கள் கல்லூரி விடுதியில் சில மாணவர்கள் ஒன்றரை ஆடுகிறார்கள். நண்பரின் தெருவில் சில பிள்ளைகளும் ஆடுகிறார்கள். விதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம்; வேண்டுவோர் மாற்றிக்கொள்ளட்டும், பெயரையும்கூட. விதியில் எழுதாத ஒரு வழக்கம் மட்டும் எங்கள் மாடியில் தானாக ஏற்பட்டிருக்கிறது. முழு நகர்வோடு நிறுத்திக்கொள்கிறவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எதிராளி தம் முறை வந்ததை அறிவார். எங்களுள் அதை அடிக்கடி சொல்பவர் பிளாட்லாக் நண்பர். முழு நகர்வை வைப்பார். பலகையை ஒருமுறை பார்ப்பார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அரை வேண்டாங்க" என்பார்.